கொழிஞ்சாம்பாறை பரிசோதனைக் கூடத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கணையப் புற்றுநோயை நேரத்தோடு கண்டறிய நாம் கட்டும் பரிசோதனைக் கூடத்துக்கு இன்னும் 4,35,000 ரூபாய் தேவைப்படுகிறது. ஸ்கேன் கருவிக்குப் பேசிய விலை மார்ச் 31 வரைதான் செல்லும். பிறகு எவ்வளவு ஏற்றுவார்களோ, மாரியம்மனுக்கே வெளிச்சம்.

நம் டாக்டரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரியவர்கள் நிறுத்துவதில்லை. கள் இறக்கியவரின் மகன். இங்குள்ள தமிழ்வழிப் பள்ளியில் படித்து, கணையப் புற்றுநோய் அறுவையே கதியென முப்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். நியூயார்க்கில் அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1935-இல் வெளியிட்ட முறைதான் அவர் கைவேலைக்கு அடிப்படை. கட்டி பித்தக்குழாயை அடைத்துக் காமாலை முற்றியவர்களுக்கு இரத்தம் எளிதில் உறையாது என்பதால் விப்பிள் முதலில் இரண்டு கட்டமாகச் செய்தார். வைட்டமின் கே கிடைத்தபின், 1940-இல், ஒரே கட்டமாக்கினார். கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு தைக்க வேண்டும். ஐந்தாறு மணி நேரம் நின்று செய்யும் வேலை. அதை நம் மண்ணின் பிள்ளை செய்தார்!

ஆனால் நோய் தெரியும்போது நூற்றில் பதினைந்து, இருபது பேருக்குத்தான் அறுவை செய்ய முடிகிறது. இங்கே கண் மஞ்சளானால் கீழாநெல்லி, பத்தியம், மந்திரிப்பு என்றே மாதங்கள் ஓடிவிடுகின்றன. வலியில்லாத காமாலை, உடம்பரிப்பு, வெளுத்த மலம், காரணமில்லாத உடல் மெலிவு, திடீர்ச் சர்க்கரை ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்கக் கூடாது என்கிறார் டாக்டர். பித்தக்குழாய் வீங்கியிருந்தால் ஸ்கேனில் தெரியும். மேற்கொண்டு கோவைக்கோ திருச்சூருக்கோ அனுப்பிவிடலாம். ஞாயிறுதோறும் ஒரு பைசா வாங்காமல் பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

கட்டடம் 6,20,000. கருவி 9,50,000. வசூலானது 11,35,000. அரசுப் பதிவுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது.

ஐந்து சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்த குடும்பத்தாருக்கும், ஒரு நாள் கூலியைத் தந்த கள் தொழிலாளர்களுக்கும், சீட்டுப் பணத்தில் பங்கு கொடுத்த வடகரப்பதி, எருத்தேம்பதி தாய்மார்களுக்கும், வளைகுடாவிலிருந்து மாதந்தோறும் அனுப்பும் தம்பிகளுக்கும், கணவரை இதே நோய்க்குப் பறிகொடுத்தும் தம் வளையலைக் கழற்றித் தந்த அம்மாவுக்கும் குழு கைகூப்பி நன்றி சொல்கிறது. அந்த அம்மா தம் பெயரை வெளியிட வேண்டாம் என்றார்.

போன ஆண்டுத் திருவிழாவுக்கு ஒரே வாரத்தில் பணம் திரட்டிய ஊர் இது. அம்மனுக்குக் கொடுத்த கை, அவள் பிள்ளைகளின் உயிருக்கு மட்டும் சுருங்கலாமா? கூடம் திறந்ததும் முதல் வரிசையில் நிற்கப்போகும் சில வீடுகள் இன்னும் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. பெயர் சொல்லி யாரையும் நோகடிக்க மனமில்லை, அவரவருக்கே தெரியும்.

வரும் ஞாயிறு முதல் குழுவினர் வீடு தேடி வருவார்கள். இயன்றதைக் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கட்டடக் குழுவினர்