கழிவுத் துணியை எடைக்குப் போடாமல் வை

பீளமேடு, கோயம்புத்தூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. உன் மகன் கரூர்ப் பட்டறைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, படுக்கை விரிப்புகளின் நெசவுக் குறைகளைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு கண்டுபிடிக்க வேண்டும் என்று முனைந்திருப்பதை அறிந்து மிக மகிழ்ந்தேன். ஒரு கல்லூரி புரிந்துணர்வு ஒப்பந்தம் போட அழைப்பதாகவும், கையெழுத்து இடலாமா என்றும் கேட்டிருந்தாய். நானும் இத்தனை ஆண்டுகளாகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால், இடு என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு ஆண்டுகளாக எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் அந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை.

திருப்பூரில் துணி பின்னும் ஒரு நிட்டிங் யூனிட்டுக்காக என் இறுதியாண்டு மாணவர்கள் இதே வேலையைச் செய்தார்கள். ஒரு வாரம் போய், சாயம் ஏறாத கோரா துணியைப் படம் எடுத்து வந்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, பின்னல் ஊசியால் விழும் நீடில் கோடு என்று பெயர் குறித்து, கணினிக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆய்வகத்தில் அது அனேகமாகத் தவறே செய்யவில்லை. மதிப்பெண்ணும் கிடைத்தது, கருத்தரங்கில் கட்டுரையும் வாசித்தார்கள். யூனிட்டில் கொண்டுபோய் வைத்தபோது அது நல்ல துணியைக் குறை என்றது, குறையைக் கண்டுகொள்ளாமல் விட்டது. காரணத்தைத் தேடியபோது, ஒரே ரோலில் எடுத்த படங்களில் பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைத்திருந்தது தெரிந்தது. வினாத்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதியது போன்ற நிலை அது. அதைக் கவனிக்காமல் விட்டது வழிகாட்டியாகிய என் தவறு. திருத்தலாம் என்று நான் நினைத்தபோது ஏப்ரல் முடிந்து, மாணவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த நிரலைத் திறந்து பார்க்கக்கூட யூனிட்டில் ஆள் இல்லை.

அந்த வருத்தம் மனத்தை விட்டுப் போகாததால், இந்த மே மாத விடுமுறையில் இரண்டு ஆய்வு மாணவர்களுடன் அதே யூனிட்டின் செக்கிங் பகுதியில் போய் உட்கார்ந்தேன். பல ஆண்டுகளாக அங்கே துணி பார்க்கும் ஓர் அம்மா, ஒரு ரோலில் இருந்த மெல்லிய நீடில் கோட்டைக் கண்டும் ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டார்; அடுத்த ரோலில் அதே போன்ற கோட்டுக்கு ஒட்டினார். ஏன் என்று கேட்டேன். "இது வெள்ளைக்குப் போகுதுங்க சார், தெரியாது. அது நேவி புளூவுக்குங்க. சாயம் ஏறுச்சுன்னா கோடு கோடா எந்திரிச்சுக்கும்ங்க" என்றார்.

நண்பா, அந்த ஒரு பதில் என் பல மாத யோசனையைத் திருப்பிப் போட்டது. அந்தத் துணி குறையுள்ளதா என்பதற்கான விடை படத்துக்குள் இல்லை. எந்த நிறத்துக்குச் சாயம் போகிறது என்று எழுதியிருக்கும் ஆர்டர் தாளில் பாதி இருந்தது, அந்த அம்மாவின் கண்ணில் மீதி இருந்தது. ஆர்டர் விவரம் அலுவலகக் கணினியில் இருக்கிறது. கோட்டின் குணம் அறிந்தவர் செக்கிங் மேசையில் இருக்கிறார். கணக்கு அறிந்த நாங்கள் கோவையில் இருக்கிறோம். மூன்றையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கக்கூடியவர் அந்த முதலாளி ஒருவர்தான். நீ கையெழுத்திடப் போகும் தாளில் இதற்கு வழி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு நாங்கள் ஒன்று செய்தோம். ஒரே ரோல்களை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துக் குறை குறிக்கச் சொன்னோம். பல இடங்களில் இருவரும் வேறுபட்டார்கள். அவர்களைச் சேர்ந்து உட்காரவைத்துப் பேசச் சொன்னபோதுதான், எதைத் தள்ளுவது எதை விடுவது என்பதில் அந்த யூனிட்டுக்கே ஒரே அளவுகோல் இல்லை என்பது முதலாளிக்குத் தெரிந்தது. கணினி வருமுன்னரே அவருக்குக் கிடைத்த பயன் அது. கல்லூரியின் முறையான பழக்கம் தொழிலுக்குக் கொடுக்கக்கூடியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்போது எங்கள் நிரல் ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் நன்றாகவே பிடிக்கிறது. நீடில் கோட்டில் இன்னும் தடுமாறுகிறது. அதற்கு ஓராண்டாவது ஆகும்.

பெரிய நிறுவனங்களோடு போட்டி போட நம் கல்லூரிகளால் முடியுமா என்றும் கேட்டிருந்தாய். பெரிய செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கட்டுவதில் முடியாது. 2012-ல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தார் படங்களை அடையாளம் காணும் போட்டியில் உலகையே திரும்பிப் பார்க்கவைத்தபோது, அவர்களிடம் இருந்தவை கணினி விளையாட்டுக்கு வாங்கும் இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகள். இன்று பெரிய மாதிரிகளுக்கு அவை ஆயிரக்கணக்கில் வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-ல் வந்த குறிப்பிடத்தக்க மாதிரிகளில் 51 தொழில் நிறுவனங்களுடையவை, 15 மட்டுமே கல்விக்கூடங்களுடையவை. இரு தரப்பும் சேர்ந்து செய்தவை 21. ஆனால் உன் விரிப்பில் நீளவாட்டுப் பாவு நூல் அறுந்த கோட்டையும் குறுக்கே ஓடும் ஊடை விட்ட பட்டையையும் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான அட்டைகள் தேவையில்லை, ஒன்றே போதும். பஞ்சமாக இருப்பது அறிந்தவர் கையால் குறை குறித்த படங்களுக்குத்தான். பெல் ஆய்வகத்தார் 1989-ல் கையெழுத்து எண்களைப் படிக்கக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தபோதும், அமெரிக்காவின் பஃபலோ அஞ்சலகம் வழியாகப் போன உண்மையான கடித உறைகளில் மக்கள் கோணலும் மாணலுமாக எழுதிய அஞ்சல் குறியீடுகளைத்தான் வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள்.

கல்லூரியும் தொழிலும் கைகோப்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. பி.எஸ்.ஜி. அறக்கட்டளையின் வளாகத்தில் 1926-ல் தொழிற்பட்டறை வந்தது, 1951-ல் அதன் பக்கத்திலேயே பொறியியல் கல்லூரி வந்தது. சாண்ட்விச் படிப்பு மாணவர்கள் பாடத்துக்கு இடையிடையே பட்டறையில் வேலை செய்து தேறினார்கள். 1956-ல் ஒன்றோடொன்று போட்டியிடும் நூற்பாலைகளே சேர்ந்து சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. நூறு கிலோ நூல் எடுக்க எத்தனை ஆள்மணி ஆகிறது என்ற கணக்கை ஆலைகள் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது அந்த அமைப்பால்தான். நூற்பாலைக்காரர்களுக்கு அன்று இருந்த அந்த மனம், துணிக் குறைப் படங்கள் விஷயத்தில் இன்று நமக்கு வரவேண்டும் என்பது என் ஆசை. ஒரு யூனிட்டின் படம் போதாது. கரூரில் பத்துப் பேர் சேர்ந்து, துணி வாங்கும் பையரின் பெயரும் டிசைனும் தெரியாதபடி வெட்டிய படங்களை ஒரு பொது இடத்தில் வைத்தால் பத்துப் பேருக்கும் நன்மை.

ஒப்பந்தத்தில் நீ கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இறுதியாண்டு மாணவரின் நான்கு மாத வேலையாக இதை ஒப்புக்கொள்ளாதே. மூன்று ஆண்டு இருக்கும் ஆய்வு மாணவர் ஒருவருக்கு உதவித்தொகை கொடு, அவர் வாரத்தில் இரண்டு நாள் உன் பட்டறையில் இருக்கட்டும். படங்கள் உன்னுடையவை, முறை கல்லூரியுடையது என்று எழுதிக்கொள். கட்டுரை வெளியிடத் தடை சொல்லாதே. அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பட்டம் இல்லை. அனுப்புமுன் நீ ஒருமுறை பார்க்க அவகாசம் கேட்டால் போதும். உன் செக்கிங் ஆட்கள் குறை குறிக்கும் நேரத்துக்குக் கூலி பிடித்துவிடாதே, அது உற்பத்தி நேரம்தான்.

இன்னொன்றும் உண்டு. தொழில் அனுபவம் உள்ளவர்களை முனைவர் பட்டம் இல்லாமலே நடைமுறைப் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வழி செய்திருக்கிறது. பதினைந்து ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். உனக்கு அதைப்போல் இரு மடங்கு இருக்கிறது. நீ வகுப்பில் வந்து நின்று பாவும் ஊடையும் பற்றிப் பேசினால் என் மாணவர்களுக்கு நான் தர முடியாத ஒன்று கிடைக்கும். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை, எங்கள் துறைக் கூட்டத்தில் உன் பெயரை முன்மொழிய உன் அனுமதியைக் கேட்கிறேன்.

ஆடி பிறந்ததும் முதல் ஞாயிறன்று இரண்டு மாணவர்களுடன் கரூர் வருகிறேன். அதுவரை குறையென்று தள்ளிய துணியை எடைக்குப் போட்டுவிடாதே. ஒவ்வொரு துண்டிலும் எந்தத் தறி, எந்த ஆர்டர், யார் தள்ளினார்கள் என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி வைக்கச் சொல். நாங்கள் வந்து பார்க்கத் தொடங்குவது அந்த மூட்டையிலிருந்துதான்.

வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்