தும்மல் நின்றால் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் தெருப்பூனைகளை வீட்டுக்கு எடுத்து வந்து சளிக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். நல்லது. ஆனால் தும்மல் நின்ற மறுநாளே வீட்டுப் பூனையோடு சேர்த்துவிடுகிறார்கள். பூனைச் சளிக்குப் பெரும்பாலும் காரணம் ஹெர்ப்பிஸ், கலிசி என்ற இரு வைரஸ்கள். முதலாவது உடம்பிலேயே பதுங்கிக்கொள்ளும். இடம் மாறிய மிரட்சியில் ஒரு வாரம் கழித்து மறுபடி கிளம்பும். கலிசியோ குணமான பிறகும் வாரக்கணக்கில் எச்சிலில் வரும்.

ஆகவே புதிய பூனைக்குக் குறைந்தது 14 நாள் தனி அறை. ஒற்றை அறை வீடென்றால் குளியலறை போதும். கூண்டு வைத்தால் ஐந்தடியாவது தள்ளி. தும்மல் துளி தெறிக்கும். தட்டும் மணல் தொட்டியும் தனித்தனி. வீட்டுப் பூனைக்கு முதலில் சோறு, புதியதற்குப் பிறகு, உடனே சோப்புப் போட்டுக் கை கழுவல். வீட்டுப் பூனைக்குத் தடுப்பூசி முடிந்திருக்க வேண்டும். அது நோயின் வேகத்தைக் குறைக்குமே தவிர தொற்றை முழுதாகத் தடுக்காது.

நம் வீடுகளின் பினாயில் பழக்கம்தான் பெரிய ஆபத்து. அது பூனைக்கு விஷம். சோப்பால் கழுவிய தரையில், லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. ப்ளீச் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். மனிதருக்கான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும்.

இரு பூனைகளும் படுத்த துணியை மாற்றிப்போட்டு ஒன்றின் வாடையை மற்றதற்குப் பழக்குவதெல்லாம் 14 நாளுக்குப் பிறகே. அந்தத் துணியிலும் கிருமி ஒட்டியிருக்கும். அப்புறம் மூடிய கதவின் இருபுறமும் சோறு, பிறகு விரலளவு திறந்த கதவு. சீறினால் ஒரு படி பின்வாங்குங்கள்.

ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை