ஓடுதளம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் என்றாலே ஓடுதளப் பேச்சுதான். பறக்க வரும் நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்று யாரும் கேட்பதில்லை.

2017 மார்ச்சில், சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றில், 128 வழித்தடங்களில் 84ஐ ஏர் ஒடிசா, ஏர் டெக்கான் என்ற இரண்டு சிறு நிறுவனங்கள் வாங்கின. கையில் இருந்ததோ விரல்விட்டு எண்ணக்கூடிய 19 இருக்கை பீச்கிராஃப்ட் விமானங்கள். பெரும்பாலான தடங்களில் விமானம் பறக்கவே இல்லை.

இரண்டே விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதானால் பாதி அட்டவணை காலி. உதிரி பாகம் வெளிநாட்டிலிருந்து வரும்வரை குத்தகையும் விமானி சம்பளமும் நிற்காது. கேட்பவருக்கு மட்டும் தனி வாடகைக்கு ஓட்டும்போது தேதியை மாற்றிச் சமாளிக்கலாம். காலை 9 மணிக்கு டிக்கெட் விற்றபின் அது நடக்காது.

நம் ஊர் வெயில் வேறு. 40 டிகிரியில் காற்று லேசாகி, இறக்கையின் தூக்குவிசையும் இன்ஜின் பலமும் குறையும். குட்டை ஓடுதளத்தில் சில இருக்கைகளைக் காலியாக விட்டால்தான் எழும்ப முடியும். காலி இருக்கை என்றால் நஷ்டம்.

சென்னைக்குக் காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரம். அதற்கு விமானம் எதற்கு? வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வருவோர் கேட்பது கொல்கத்தா. முழுச் சுமையோடு அது இந்தக் குட்டி விமானத்துக்கு எட்டாத தூரம்.

வழித்தடம் தருமுன், மாற்று விமானம் ஒன்றைக் காட்டச் சொல்லி அந்த நிறுவனத்திடம் அரசு கேட்கட்டும்.

இப்படிக்கு,
காட்பாடி வாசகர்கள்