செவலைக் கன்று படம் முடிஞ்சதுங்க

எல்லோருக்கும் வணக்கமுங்க. தை மாதம் ஆரம்பித்த கன்றுக்குட்டிப் படம் ஒருவழியாக ஆவணியில் முடிந்து, சட்டம் போட்டு மாட்டியாகிவிட்டது. இந்த எட்டு மாதத்தில் "இன்னும் முடிக்கலையா?" என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை பாருங்கள், முதல் நன்றி அதற்குத்தான்.

எனக்கு முடக்கு வாதம் வந்து இது ஏழாவது வருடம். காலையில் விரல் மடங்கவே ஒரு மணி நேரம் ஆகும், வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு ராத்திரி மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான், ஆனால் திங்கட்கிழமை முழுக்கப் படுக்கைதான். "கை வலிக்குதுன்னா எதுக்கு வரையோணும், சும்மா இருக்கலாமில்ல?" என்று சொந்தத்திலேயே ஒருவர் சொன்னார். சோறாக்கும்போதும் இதே கைதான் வலிக்கிறது, அதை நிறுத்தச் சொல்லி யாரும் யோசனை சொன்னதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் என் கொழுந்தனார் ஒருநாள் பை நிறைய கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தார். கழுத்துப்பட்டிக்குப் போடுகிற ரிப் துணியை நாடாவாகக் கிழித்து, என் பிரஷ் ஒவ்வொன்றின் காம்பிலும் சுற்றிச் சுற்றி மக்காச்சோளக் கதிர் பருமனுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒல்லிக் காம்பை இறுக்கிப் பிடிக்கும்போதுதான் விரல் கணு உயிரை எடுக்கும், பருமனாக இருந்தால் சும்மா பிடித்தாலே நிற்கிறது. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த தங்கச்சி, விரலை விட்டுவிட்டு முழங்கையிலிருந்து கோடு இழுங்க என்றார். அதனால்தான் இப்போது என் படமெல்லாம் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாகிவிட்டது, வீட்டுக்காரர் மாட்ட இடம் தேடுகிறார்.

அப்புறம் பக்கத்து வீட்டுப் பாப்பா, ஒன்பதாவது படிக்கிறாள். பெயிண்ட் டியூப் மூடி ஒட்டிக்கொண்டால் என்னால் திருகவே முடியாது, கோபத்தில் அழுதிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து எல்லா டியூபையும் திறந்து பலகையில் குழிக்குழியாகப் பிதுக்கி வைத்துவிட்டுப் போவாள். வாட்டர் கலர் காய்ந்தால் என்ன, ஈரப் பிரஷ் பட்டால் திரும்ப இளகிவிடும், எனக்கு ஒரு வாரம் கவலையில்லை.

அக்கா மகன், ரெனுவார் என்ற பிரெஞ்சு ஓவியருக்கும் இதே நோய்தான், கையெல்லாம் கோணிப்போய் துணி சுற்றிக்கொண்டு 1919-ல் சாகிற வரைக்கும் வரைந்தார் என்று சொன்னான். ஆறுதலுக்குத்தான் சொன்னான், எனக்கென்னவோ எரிச்சலாக வந்தது. அவருக்குப் பிரஷை எடுத்துக் கையில் கொடுக்க ஆள் இருந்ததடா என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, பாப்பா உள்ளே வந்தாள்!

கொரங்காடு, அதாங்க வேலி போட்ட மேய்ச்சல் காடு, வைத்திருக்கும் அண்ணனைக் கடைசியாகச் சொல்கிறேன், அவருக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். கொழுக்கட்டைப் புல்லுக்குள் முள்ளில் என்னால் நடக்க முடியாது என்று, மாட்டையும் கன்றையும் கிளுவை வேலிப் படலோரம், வெள்வேல மரத்தடிக்கே ஓட்டிவந்து கட்டுவார். தாழ்வாக உட்கார்ந்தால் எனக்கு எழ வராது. கயிற்றுக் கட்டிலின் நாலு காலுக்கும் ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தியிருந்தார், நான் கேட்கவே இல்லை.

காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்குத் திரும்பிவிடும், நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் எனக்கு மூட்டெல்லாம் வீங்கி இரண்டரை மாதம் படுத்துவிட்டேன். திரும்பப் போனால் என் செவலை மயிலையாகி நிற்கிறது! பாதிப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னங் அம்மிணி, அது பாட்டுக்கு மாறுது, நீங்க பாத்ததப் போடுங்க" என்றார். கன்றைச் செவலையாகவே விட்டேன். பின்னால் வேலியோரம் மயிலையாகவும் ஒன்று நிற்கும், இரண்டும் ஒரே கன்றுதான், உற்றுப் பாருங்கள்.

வீட்டுக்காரருக்குத் தனியாக நன்றி எழுதினால் கோபித்துக்கொள்வார், திங்கட்கிழமை ரசம் மட்டும் கொஞ்சம் உப்புக் குறைவு.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். இன்னொரு மாடு சினையாம், மாசியில் ஈனுமாம். கட்டிலை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லையாம்.