அண்ணாச்சி கடை ஃப்ரீசருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும் சேப்பல் ஹில் அக்கம்பக்கத்தாருக்கும்,

ஜூலை மழை என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு சேற்றில் நின்றவர்கள். மீதிப் பேருக்கு அவரவர் வீட்டிலேயே அந்தச் சேறு இருந்தது. ப்ளீச் வாடை இன்னும் போகவில்லை. ஆனால் வெள்ளத்தில் நனைந்த என் இசைத்தட்டு உறை அட்டைகளில் கடைசிக் கட்டும் நேற்றுக் காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டோடு எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன்.

நனைந்த கம்பளத்தைச் சுருட்டித் தோளில் தூக்கிப்போனவர்கள், சுவர் அட்டையை இடுப்பளவுக்கு அறுத்து எடுத்தவர்கள், ஃபேனும் காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹ்யூமிடிஃபையரும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்கள், காப்பீட்டுக்காரரிடம் எனக்குப் பதில் பேசிய நண்பர், தயிர்சாதமும் உருளைக்கிழங்குக் கறியும் தூக்குவாளியில் அனுப்பிக்கொண்டே இருந்த அக்காமார்கள், எதிர்வீட்டு வாடகை மாணவர்கள் நான்கு பேர் — எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொருவர் பெயரையும் போட்டு எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். யாராவது ஒருவர் விட்டுப்போவார், அது வேறு மனக்கஷ்டம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டும். மளிகைக் கடை அண்ணாச்சி. கடைப் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் போடவில்லை. உங்களுக்கெல்லாம் தெரியும்.

என் இசைத்தட்டுப் பெட்டிகள் கீழ்த்தளத்தில்தான் இருந்தன. தட்டுகளைப் பற்றிக் கவலை இல்லை. அவை வினைல் என்ற பிளாஸ்டிக்; அதைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. நடுவிலுள்ள காகித லேபிளில் படாமல் காய்ச்சி வடித்த நீரில் அலசி, பாத்திரம் கவிழ்க்கிற கூடையில் நிற்கவைத்தால் போதும். உயிர் போகிற விஷயம் அட்டையும் காகிதமும். வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, அப்படியே காய்ந்தால் பிரிக்கவே முடியாது. இரண்டு நாளைக்குமேல் ஈரமாகக் கிடந்தால் பூஞ்சை. ஆவணக் காப்பு தெரிந்த ஒரு அம்மா ஃபோனில் சொன்னது ஒன்றுதான்: பிரிக்கப் பார்க்காதே, உடனே உறையவை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் காயவைக்கலாம். நல்ல யோசனை. ஆனால் எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவை எடுத்துவிட்டால்கூட இருபது அட்டை கொள்ளாது.

மனைவி பால் வாங்கப் போன இடத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அவள் வீடு திரும்புவதற்குள் அண்ணாச்சியின் ஃபோன்.

"தம்பி, ஃப்ரீசர்ல எடம் போட்டுட்டேன். கொண்டாங்க."

அதுவரை அவருக்கும் எனக்கும் 'முருங்கைக்காய் எப்ப வரும்' என்கிற அளவுக்குத்தான் பழக்கம். போய்ப் பார்த்தால், பின்கட்டிலிருக்கும், ஆள் உள்ளே போகிற அளவு பெரிய வாக்-இன் ஃப்ரீசரில் இரண்டு அலமாரியைக் காலி செய்து வைத்திருந்தார். பரோட்டா பாக்கெட்டும் துருவிய தேங்காயும் ஒரு பக்கம் நெருக்கி அடுக்கப்பட்டிருந்தன. மீன் பெட்டிகளை எதிர்மூலைக்குத் தள்ளியிருந்தார். "வாடை ஏறிட்டுன்னா பாட்டு நாறும்லா?" என்றார் சிரிக்காமல். நான் மெழுகுத்தாள் இடையில் வைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிக் கொண்டுபோன கட்டுகளைத் தானே வாங்கி அடுக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் மார்க்கர் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'தம்பி பாட்டு. விக்கிறதுக்கு இல்ல.'

விலை எவ்வளவு பெறும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காப்பீட்டுக்காரர் முதல் தெருவில் போகிறவர் வரை எல்லோரும் கேட்ட கேள்வி அது. அவர் கேட்டது, "இதுல ரொம்ப முக்கியமானது எது? அத மேல வைப்போம்" என்பதுதான்.

ஸ்னீக்கர்ஸ் என்று சொன்னேன். யார் என்றார். ஃப்ரீசர் கதவைச் சாத்திவிட்டு, அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கதையைச் சொன்னேன்.

நம் வட கரோலினாவிலேயே உள்ள வின்ஸ்டன்-சேலம் பையன்கள். இங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. கிறிஸ் ஸ்டேமியும் மிட்ச் ஈஸ்டரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். 1972-இலேயே, இன்னொரு உள்ளூர் நண்பர் பீட்டர் ஹோல்சாப்பிளோடு சேர்ந்து ரிட்டன்ஹவுஸ் ஸ்கொயர் என்ற பெயரில் சொந்தமாக ஒரு தட்டு போட்டவர்கள். அப்புறம் கல்லூரிக் காலம், சேப்பல் ஹில். ஸ்டேமி, டிரம்ஸுக்கு வில் ரிக்பி, பேஸ் கித்தாருக்கு ராபர்ட் கீலி என்று சேர்ந்து ஸ்னீக்கர்ஸ் என்ற பெயரில் 1976-இல் ஆறு பாட்டு கொண்ட ஒரு சின்ன இசைத்தட்டை வெளியிட்டார்கள். ஈஸ்டரும் அந்தக் குழுவோடு சேர்ந்தவர்தான். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. கார்னிவரஸ் ரெக்கார்ட்ஸ் என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவு செய்தவர் டான் டிக்சன், அரகன்ஸ் என்ற உள்ளூர்க் குழுக்காரர். பல்கலைக்கழகத்து மாணவர் வானொலியான டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. ஒலிபரப்பையே தொடங்கியது 1977 மார்ச்சில்தான். இன்று கல்லூரி ஊர் இசை என்றால் நாம் நினைக்கிற ஏற்பாடுகளில் பாதி அப்போது இல்லை.

"என்ன மாதிரிப் பாட்டு?" என்று கேட்டார். பவர் பாப் என்றேன். முழித்தார். பீட்டில்ஸ் மாதிரி வாயில் நிற்கிற மெட்டு, அதன் மேல் உரக்க ஒரு கித்தார், மூன்று நிமிடத்துக்குள் சோலி முடிந்துவிடும். தி ஹூ என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967-இல் வைத்த பெயர். ஊரெல்லாம் நீள நீளமாக கித்தார் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மெம்ஃபிஸ் ஊரின் பிக் ஸ்டார் என்ற, அப்போது கிட்டத்தட்ட யாருமே வாங்காத ஒரு குழுவின் தட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, அதே வழியில் போனவர்கள்.

"எத்தன வருசம் இருந்தாங்க?"

இதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. 1977-இல் ஸ்டேமி நியூயார்க் போய்விட்டார். 1978-இல் இரண்டாவது தட்டு வந்தபோது குழு என்று ஒன்று இல்லை. பெரும்பாலும் ஸ்டேமியும் ஈஸ்டரும் மட்டும் செய்த வேலை அது. மேடை ஏறியதும் மிகக் குறைவு. ஆக, இரண்டு வருடம் என்று சொன்னால் அதுவே தாராளம்.

அண்ணாச்சி யோசித்தார். "எங்க ஊரு கோயில் கொடைக்கு ஒரு நையாண்டி மேள கோஷ்டி வரும். ரெண்டு கொடைதான் வாசிச்சாங்க. ஒருத்தன் பம்பாய்க்குப் போய்ட்டான், கலைஞ்சிட்டு. இன்னைக்கும் எங்க சித்தப்பா அவங்க வாசிப்பத்தான் பேசுவாரு." அவ்வளவுதான். அதன்பிறகு இதெல்லாம் எதற்கு என்று அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருடத்தில் படித்தவர்கள் எத்தனையோ பேரிடம் இதை விளக்கி எனக்குத் தொண்டை வறண்டிருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வாரமும் காயவைக்க ஒரு கட்டு எடுக்கப் போவேன். கட்டை எடுத்துத் தருவதற்கு முன்னால் மிச்சக் கதையைக் கேட்பார். நியூயார்க்கில் ஸ்டேமியோடு ரிக்பியும் ஜீன் ஹோல்டரும் வந்து சேர, 'தி டிபீஸ்' என்ற குழு ஆரம்பித்தது. ஹோல்சாப்பிளும் அதில் வந்து சேர்ந்தார். ஈஸ்டர் ஊருக்கே திரும்பி, 1980-இல் பெற்றோர் வீட்டு கராஜில் டிரைவ்-இன் ஸ்டுடியோ போட்டார். அடுத்த வருடம் ஜார்ஜியாவின் ஏதென்ஸிலிருந்து, அதுவும் ஒரு கல்லூரி ஊர்தான், நான்கு பேர் வந்து தங்கள் முதல் தட்டை அந்தக் கராஜில் பதிந்தார்கள். அவர்கள்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ராக் குழுவான ஆர்.ஈ.எம். 1983-இல் அவர்களுடைய முதல் முழு ஆல்பத்தைச் சேர்ந்து தயாரித்தவர்கள் ஈஸ்டரும் டிக்சனும். சேப்பல் ஹில்லில் ஆறு பாட்டுக்குப் பின்னால் நின்ற அதே கைகள். "அவங்க அப்பா அம்மா காரை எங்க நிறுத்தினாங்க?" என்று அண்ணாச்சி கேட்டார். இதுவரை எந்த இசை விமர்சகரும் கேட்காத கேள்வி.

அவரை மிகவும் தொட்டது கிறிஸ் பெல் கதை. பிக் ஸ்டாரைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதல் ஆல்பம் விற்காமல் போனதும் மனம் உடைந்து விலகியவர். தனியாக எவ்வளவோ பதிந்து வைத்திருந்தார், யாரும் வெளியிடவில்லை. ஸ்டேமி தன் சின்ன நிறுவனமான கார் ரெக்கார்ட்ஸில் 1978-இல் அவருடைய இரண்டு பாட்டுகளை ஒரு தட்டாகப் போட்டார். பெல் உயிரோடிருந்தபோது அவர் பெயரில் தனியாக வெளிவந்தது அது ஒன்றுதான். அந்த வருடம் டிசம்பர் 27-ஆம் தேதி மெம்ஃபிஸில் கார் விபத்தில் போய்விட்டார். வயது 27. மீதிப் பாட்டுகள் ஆல்பமாக வர 1992 ஆயிற்று. சொல்லி முடித்ததும் அண்ணாச்சி, "அந்தப் பையன் தட்டு எந்தப் பெட்டியில இருக்கு?" என்று கேட்டு, உள்ளே போய் அந்தப் பெட்டியை மேல் அலமாரிக்கு ஏற்றி வைத்துவிட்டு வந்தார்.

எல்லாம் பிழைக்கவில்லை. பழைய நகல் அறிவிப்புத்தாள்களில் ஒரு கட்டு கூழாகிவிட்டது. மாணவர் பத்திரிகையிலிருந்து எடுத்து வைத்திருந்த குறிப்புகளில் மை கரைந்துவிட்டது. அவற்றை நூலகத்தில் மறுபடி தேடிக்கொள்ளலாம். ஸ்னீக்கர்ஸின் முதல் தட்டு அட்டை தப்பித்தது. ஒரு மூலையில் தேநீர் நிறத்தில் கறை, கொஞ்சம் அலையடித்த மாதிரி வளைவு, அவ்வளவுதான். விற்கப் போனால் பாதி விலைதான் கிடைக்கும். விற்கப் போவதில்லை.

கடையில் வேலை பார்க்கும் பையனுக்கும் நன்றி. ஒவ்வொரு தடவையும் மைனஸ் குளிருக்குள் போய்ப் பெட்டியைத் தேடியது அவன்தான். மீன் வாங்க வந்து, 'தம்பி பாட்டு' என்றால் என்ன பலகாரம் என்று கேட்டு அவனைத் தொந்தரவு செய்தவர்கள் உங்களில் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணாச்சிக்குப் பணம் கொடுக்கப் போய்த் திட்டு வாங்கினேன். ஃப்ரீசர் எப்படியும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்றார். அதனால் இங்கே பகிரங்கமாக ஒரு வாக்கு கொடுக்கிறேன், பிறகு நழுவ முடியாது பாருங்கள். ஸ்னீக்கர்ஸ் பற்றி வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருக்கும் கட்டுரையை இந்தக் குளிர்காலத்தில் தமிழில் முடித்து, முதல் பிரதியை அண்ணாச்சி கடைக் கல்லாவில் வைப்பேன். பிழைத்த அறிவிப்புத்தாள்களைப் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள தென்மாநில நாட்டார் இசைத் தொகுப்புக்குக் கேட்டால் கொடுத்துவிடுவேன். தட்டுகள் என்னிடமே இருக்கும்; கேட்க வேண்டும் என்பவர்கள் வாருங்கள், டீ போடுகிறேன்.

அண்ணாச்சி ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: தட்டு சுழற்றும் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கே கொண்டுவர வேண்டுமாம், கிறிஸ் பெல்லைப் போட்டுக் காட்ட வேண்டுமாம். சரி என்றிருக்கிறேன். தேதி முடிவானதும் சொல்கிறேன்.

கடைசியாக ஒரு விஷயம். மஞ்சள் கைப்பிடி வைத்த டீஹ்யூமிடிஃபையர் ஒன்றும், 'செல்வி' என்று பெயர் வெட்டிய தூக்குவாளி ஒன்றும் எங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. உரியவர்கள் தயவுசெய்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியைச் சும்மா திருப்பித் தர மாட்டோம்.