ஒட்டுக்கடையில் உக்ரேன் போர்

ஆசிரியர் அவர்களுக்கு,

சுங்கை சிப்புட்டில் நாங்கள் பசியாறும் ஒட்டுக்கடையில் இன்னும் உக்ரேன் போர்தான் பேச்சு. "நேட்டோ வாசல்வரை வந்தால் ரஷ்யா சும்மா இருக்குமா?" என்பார் என் மச்சான். தோட்டத்தில் கிராணியாக இருந்த பெரியவரோ, "பிடிக்கவில்லை என்பதற்காகப் பக்கத்து வீட்டு வேலியைப் பிடுங்கலாமா?" என்பார். 2022-இல் செம்பனைக்குப் போடும் உரம் விலை ஏறியபோது மட்டும் இருவரும் சேர்ந்து திட்டினார்கள்!

நான் பெரியவர் பக்கம். 2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரேனில் மலேசிய ஏர்லைன்ஸின் எம்எச்17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்த 298 பேரில் 43 பேர் மலேசியர்கள். அந்த வழக்கில் நெதர்லாந்து நீதிமன்றம் மூவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மூவரும் விசாரணைக்கு வரவே இல்லை. இதைச் சொன்னதும் மச்சான், "சரி, அப்புறம் காசாவுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்