கூப்பிய கைகள்

அன்பு நண்பா,

நலம். நீயும் மதினியும் நலமாக இருக்க ஜெபிக்கிறேன். (உன் வழக்கப்படி 'செபிக்கிறேன்' என்று திருத்திக்கொள். பாளையங்கோட்டை விடுதி அறையில் இந்த ஓர் எழுத்துக்காக எத்தனை இரவு சண்டை போட்டிருக்கிறோம்!)

மணப்பாட்டுத் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வரச் சொல்லி நீ அனுப்பிய படம் போனில் வந்தது. பதிலைக் காகிதத்தில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கர்களான உங்களுக்கு, சாமியாரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. புராட்டஸ்டண்ட்காரர்களான நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். அதில் என் பங்கு எவ்வளவு, பக்கத்து பெஞ்சுக்காரர் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆகவே நீ கொஞ்சம் காது கொடு.

எங்கள் சபைக்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு இருக்கிறது. விடியற்காலை நான்கரைக்கே வசனம் வரத் தொடங்கிவிடும். அதிகம் வருவது பைபிளின் எரேமியா 29:11. கர்த்தர் உங்கள்பேரில் நினைத்திருப்பவை தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற வசனம். பின்னால் ரோஜாப்பூ, சூரிய உதயம். அது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து பிய்த்தெடுத்த வரி. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம். வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்துவையுங்கள், நீங்கள் சிறையிருக்கும் அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். முந்தைய வசனத்தில், ஊர் திரும்ப எழுபது வருஷம் ஆகும் என்று கணக்கும் சொல்கிறார். அந்த எழுபதை யாரும் படத்தில் போடுவதில்லை. கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் அந்த நாளைப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. இன்று சாயங்காலத்துக்குள் வங்கிக் கடன் கிடைத்துவிடும் என்ற அளவுக்கு அதைச் சுருக்கிவிட்டோம்.

நானும் யோக்கியன் இல்லை. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுத்து, நல்ல வசனமாக வரவில்லை என்று முகம் சுளித்தவன்தான். ஆனால் அது வருஷத்துக்கு ஓர் அட்டை. மறக்கவே பன்னிரண்டு மாதம் ஆகும். இப்போது காலை காப்பி ஆறுவதற்குள் நாற்பது வந்து, நாற்பதும் மறந்துபோகிறது.

அந்தக் குழுவில் ஜெப விண்ணப்பமும் வரும். அடுத்த தெருவில் இருக்கிற ஒருவர், ஆலயத்தில் எனக்குப் பின்வரிசையில் உட்காருகிறவர், தம் மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று எழுதினார். நான் கூப்பிய கைகள் படத்தைப் போட்டேன். மறுநாள் நிலைமையை எழுதினார். மறுபடியும் கூப்பிய கைகள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டதாக எழுதினார், அதற்கும் போட்டேன். கட்டைவிரலுக்கு அது பழகிவிட்டது. இரண்டு மாதம் இப்படியே போயிற்று. சைக்கிளில் போனால் இரண்டு நிமிடத் தூரம். அந்த அம்மாள் இறந்தபோது நான் மகள் பிரசவத்துக்காக மஸ்கட்டில் இருந்தேன். அங்கிருந்தும் ஆறுதல் வசனம் ஒன்று அனுப்பினேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பலசரக்குக் கடையில் அவரைப் பார்த்தேன். கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, உடம்பு இப்போது பரவாயில்லையா? அண்ணாச்சி படுக்கையில் இருக்கிறார் போலிருக்கிறது, இல்லையென்றால் ஓர் எட்டு வந்து பார்த்திருப்பாரே என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். உங்களுக்காக ஜெபம்கூடச் செய்தாள்" என்றார்.

நான் அரைக் கிலோ உளுந்தை வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

போனைத் தூக்கிக் கிணற்றில் போடப் போகிறேன் என்று நினைக்காதே. 2020இல் ஆலயக் கதவு சாத்தியிருந்தபோது, பெரிய வெள்ளி ஆராதனையை அந்தச் சின்னத் திரையில்தான் பார்த்தோம். மார்ச் 27ஆம் தேதி ரோமில் மழையில், ஆளில்லாத சதுக்கத்தில் உங்கள் போப் பிரான்சிஸ் தனியாக நின்றாரே, அதைப் பார்த்து என் மனைவி, உன் தங்கச்சி, அழுதாள். போப்பைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒருத்தி அழுவாள் என்று என் அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் என் மாமியாருக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை என்பது யூடியூப்தான். போன அறுப்பின் பண்டிகையில், ஆலயத்துக்கு வந்த காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் மகள் மஸ்கட்டிலிருந்தே போனில் ஒரு பூசணிக்காயைக் கேட்டு, 900 ரூபாய்க்கு எடுத்துவிட்டாள். பணமும் என் தலையில், பூசணிக்காயும் என் தலையில்.

சகிக்க முடியாதது வேறு. ஆமென் சொன்ன கையோடு சேனலைச் சப்ஸ்கிரைப் செய்யச் சொல்வது. ஆமென் என்று டைப் செய்யாமல் கடந்துபோனால் ஆசீர்வாதமும் கடந்துபோய்விடும் என்று மிரட்டுவது. ஓர் ஊழியக்காரர் இன்னொருவரைக் கள்ளப் போதகர் என்பதும், அதற்கு மறுப்பு வீடியோவும், மறுப்புக்கு மறுப்பும். இதைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும். விடு.

ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் இணையத்தில் இல்லை என்று வத்திக்கான் 2002இலேயே எழுதிவைத்ததை நீ ஒருமுறை சொன்னபோது, உங்கள் ஆட்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று கேலி செய்தேன். இப்போது அந்தக் கேலியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நற்கருணை அப்பத்தை வாயில் வைக்க ஒரு கை வேண்டும். 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்ட அந்த இத்தாலியப் பையன் கார்லோ அகுதிஸின் படத்தை நீ அனுப்பியிருந்தாய். கம்ப்யூட்டரில் கெட்டிக்காரன், 15 வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவன். அவன் கட்டிய இணையதளமே நற்கருணை அற்புதங்களைப் பற்றியதுதான். திரையில் பார்த்துவிட்டுப் போகிற விஷயத்தை அல்ல, எழுந்து போய் வாங்க வேண்டியதைத்தான் அவன் திரையில் காட்டினான். அவன் இறந்தது 2006இல், இந்த வாட்ஸ்ஆப் எல்லாம் வருவதற்கு முன்பே. கொடுத்துவைத்தவன்.

நேற்று இரவு பைபிளில் யோவானின் இரண்டாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, வாசித்தேன். மொத்தமே பதின்மூன்று வசனம். எழுத எவ்வளவோ இருக்கிறது, ஆனால் காகிதமும் மையும் வேண்டாம், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசுகிறேன் என்று முடிக்கிறார். அவருக்குக் காகிதத்தின் மேலேயே அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அந்த மனிதர் வீட்டுக்கு இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் போகிறேன். ஜெபம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கருப்பட்டிக் காப்பி போடுகிறார், குடிக்கிறேன். காப்பி நன்றாக இல்லை.

14ஆம் தேதி காலை நாசரேத்தில் ரயில் ஏறி, திருச்செந்தூரில் இறங்கி பஸ் பிடித்து வருகிறேன். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி, கோயில் இருக்கும் மணல் மேட்டில் ஏற முடியாது. வாசலோரமாக ஒரு நாற்காலி போட்டுவை. மதினியிடம் மீன் குழம்பில் புளியைக் குறைக்கச் சொல். கடிதம் கிடைத்ததும் பதில் எழுது. படம் ஏதாவது அனுப்பினாயோ, வரமாட்டேன்.

உன் பழைய அறைத்தோழன்